வேனில் வந்த சான்றிதழ்கள்

அன்றைக்குப் பல்கலைக்கழக வாசலில் வேனிலிருந்து இறங்கியவர்கள் நான்கு பேர். கல்லூரிக் காலத்தில் நான் வேலை பார்த்த ஆரணி அச்சகத்தின் உரிமையாளர். பட்டுக்கடை விளம்பரத்துக்காக ஒலிபெருக்கி கட்டிய ஆட்டோவை ஊர் ஊராக ஓட்டிய அண்ணன். தேவிகாபுரம் பக்கத்துத் தெருக்கூத்துக் குழுவில் கட்டியக்காரன் வேஷம் கட்டி எல்லோரையும் சிரிக்க வைப்பவர். நான்காவது ஆள் என் அம்மா. வராதவர் ஒருவர்தான், என் அப்பா.

இவர்களை நான் வரச் சொல்லவில்லை. முதல் மூன்று பேரிடமும் ஆளுக்கொரு கடிதம் கேட்டிருந்தேன், அவ்வளவுதான். பத்து மணிக்குச் சான்றிதழ் சரிபார்ப்பு. கடிதம் யார் கையிலும் இல்லை. அம்மாவின் கையில் எலுமிச்சம்பழச் சோறு போட்ட தூக்கு இருந்தது.

எதற்கு அந்தக் கடிதங்கள் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். சென்னையிலுள்ள அந்தப் பல்கலைக்கழகம் படைப்பெழுத்துக்கு ஓர் உதவிப் பேராசிரியர் வேண்டும் என்று விளம்பரம் கொடுத்திருந்தது. கதை, நாடகம், விளம்பரம், வசனம் என்று எழுதுவதையே பாடமாகச் சொல்லிக் கொடுக்கிற துறை அது. அவர்கள் கேட்ட முனைவர் பட்டம் என்னிடம் இருந்தது. தகுதித் தேர்வும் எழுதித் தேறியிருந்தேன். சின்னப் பதிப்பகம் ஒன்றில் இரண்டு சிறுகதைத் தொகுப்புகள் வந்திருந்தன. கடைசியாக ஒரு நிபந்தனை போட்டிருந்தார்கள்: எழுத்தைத் தொழிலாகக் கொண்டு ஐந்தாண்டு அனுபவம் இருக்க வேண்டும், அதற்குச் சான்று காட்ட வேண்டும்.

எழுதித்தான் பிழைத்தேன் என்பதில் எனக்குச் சந்தேகமே கிடையாது. அதற்குத் தாள்தான் இல்லை.

அப்போது நான் ஒரு கல்லூரியில் கௌரவ விரிவுரையாளர். எடுக்கிற வகுப்புக்குத்தான் காசு. விடுமுறை விட்டால் அதுவும் கிடையாது. எங்கள் வீட்டில் அப்பா கூலிக்குப் பட்டு நெய்கிறவர், அம்மா அவருக்குக் கூடமாட வேலை செய்கிறவர். இரண்டு பேரும் பள்ளிக்கூடம் போனதில்லை. இந்த வேலை கிடைத்தால் மாதம் பிறந்ததும் சம்பளம் வாங்குகிற முதல் ஆள் எங்கள் குடும்பத்தில் நானாகத்தான் இருப்பேன். கிடைக்காவிட்டால் இன்னொரு படைப்பெழுத்து வேலைக்கு எப்போது விளம்பரம் வரும் என்று யாருக்கும் தெரியாது. தமிழ்நாட்டில் அப்படி ஒரு துறை இருப்பதே அபூர்வம்.

என் முதல் எழுத்து வேலை அச்சகத்தில் கிடைத்தது. இளங்கலைத் தமிழ் படிக்கும்போது மதியத்துக்கு மேல் அங்கே தட்டச்சு செய்யப் போவேன். கல்யாணப் பத்திரிகை, மஞ்சள் நீராட்டு விழா பேனர், கண்ணீர் அஞ்சலி எல்லாவற்றுக்கும் கணினியில் தயாராக வாசகங்கள் இருக்கும். பெயரை மாற்றிப் போட வேண்டியதுதான் வேலை. ஒரு நாள் அரிசி மில்லில் மூட்டை தூக்குகிற ஒருவர், செத்துப்போன அப்பாவின் போட்டோவோடு வந்தார். நான் வழக்கமான வரியைக் காட்டினேன். அவர் தலையை ஆட்டிவிட்டார்.

"அன்பின் சிகரமே கிகரமேலாம் வேணாம்பா. எங்க நைனா எப்பேர்ப்பட்ட குடிகாரர்னு தெருவுக்கே தெரியும். சிரிப்பாங்க."

சரி, அவரைப் பற்றி நினைத்தால் என்ன ஞாபகம் வருகிறது என்று கேட்டேன். போட்டோவைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, குடிக்காமல் வருகிற அன்றைக்கு மட்டும் தெரு முனையிலேயே சைக்கிள் மணி அடித்துக்கொண்டு வருவார், நாங்கள் ஓடுவோம் என்றார். நான் அதையே எழுதினேன்: 'தெரு முனையில் சைக்கிள் மணி கேட்டால் ஓடி வருவோம். இனி எந்த மணிக்கு ஓடி வருவோம்?'

பேருந்து நிலையத்துச் சுவரில் ஒட்டியிருந்த அந்தச் சுவரொட்டியின் முன்னால் செய்யாறு பஸ்ஸுக்குக் காத்திருந்தவர்கள் நின்று படித்ததை நான் சாலைக்கு எதிர்ப்புறம் இருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். இதுவரை என் எழுத்துக்கு வந்த எந்தப் பாராட்டும் அதற்கு ஈடாகாது. அடுத்த வாரமே, அந்த சைக்கிள் மணி எழுதின தம்பி யார் என்று கேட்டுக்கொண்டு ஆட்கள் வந்தார்கள். அச்சகக்காரர் கெட்டிக்காரர். அச்சுக்கூலி தனி, எழுத்துக்கூலி தனி என்று பிரித்துவிட்டார்.

அதைக் கேள்விப்பட்டு ஒரு பட்டுக்கடை முதலாளி ஆடித் தள்ளுபடிக்கு எழுதச் சொன்னார். நான் எழுத, ஒரு பெண் குரலில் பதிவு செய்து, ஆட்டோவில் ஒலிபெருக்கி கட்டி ஊருக்குள் விட்டார்கள். முதல் நாளே ஆட்டோ அண்ணன் அச்சகத்துக்கு வந்து சண்டை பிடித்தார்.

"நீ எழுதனது நின்னு கேக்கறதுக்கு. நான் எங்கப்பா நிக்கறேன்? குழாயடில தண்ணி புடிக்கற பொம்பள பாதி கேக்கறதுக்குள்ள நான் அடுத்த தெருவுக்குப் பூட்றேன். அவளுக்குக் கடை பேரும் தெரியல, வெலையும் தெரியல."

மறுநாள் அவரோடு சேத்துப்பட்டு சாலையில் ஆட்டோவில் போனேன். பின் இருக்கையில் ஒலிபெருக்கிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, யார் தலை நிமிர்கிறது, எந்தச் சொல்லில் நிமிர்கிறது என்று பார்த்துக்கொண்டே போனேன். காது இரண்டும் அடைத்துப்போனது. வந்து எல்லாவற்றையும் கிழித்துப்போட்டுவிட்டு, எந்த வாக்கியத்தில் வந்து சேர்ந்தாலும், எந்த வாக்கியத்தில் விட்டுப் போனாலும் விஷயம் புரிகிற மாதிரி எழுதினேன். அந்த ஆடியிலிருந்து தொடர்ந்து மூன்று வருஷம் அந்தக் கடைக்கு நான்தான் எழுதினேன்.

அந்த ஆட்டோ தேவிகாபுரத்தில் போனபோதுதான் கட்டியக்காரர் கேட்டிருக்கிறார். வண்டியை மறித்து, யார் எழுதியது என்று விசாரித்து, என்னைத் தேடி வந்தார். கூத்தில் அரசனும் அரசியும் பாட்டாகப் பாடிக்கொண்டிருக்கும்போது இடையில் புகுந்து கிண்டல் பேசுகிறவர் கட்டியக்காரன். இவருடைய பழைய கிண்டலெல்லாம் ஜனங்களுக்கு மனப்பாடம் ஆகிவிட்டது. நான் சொல்வதற்கு முன்னால் முன் வரிசைப் பையன்கள் சொல்லிவிடுகிறார்கள், எனக்குப் புதிதாக எழுதிக் கொடு என்றார். பங்குனி, சித்திரையில் அவர்களுக்குத் தொடர்ந்து ஆட்டம் இருக்கும். ஒவ்வோர் ஊருக்கும் அந்த ஊர் விஷயத்தை விசாரித்து எழுதிக் கொடுத்தேன். என்னைப் புலவரே என்று கூப்பிட ஆரம்பித்தார். அது மரியாதையா நக்கலா என்று இன்றுவரை நான் கேட்டுக்கொள்ளவில்லை.

முதுகலை படிக்கச் சென்னைக்குப் போனபின், தொலைக்காட்சித் தொடர் ஒன்றின் வசனகர்த்தாவுக்கு உதவியாளனாகச் சேர்ந்தேன். உதவியாளன் என்றால் எழுதுவது நான், பெயர் அவருடையது. காலையில் காட்சியைச் சொல்வார்கள், மதியத்துக்குள் வசனம் போக வேண்டும். மாமியார் பேசுகிற இடமெல்லாம் என்னிடம் வந்துவிடும். அதற்குக் காரணம் அவர்களுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும், அம்மாவுக்கும் தெரியும். பிறகு ஆராய்ச்சி, தொகுப்புகள், கௌரவ விரிவுரை. இப்படித்தான் அந்த விளம்பரம் வரைக்கும் வந்து சேர்ந்தேன்.

சான்று கேட்டு முதலில் தொடர் நிறுவனத்துக்குப் போன் செய்தேன். நீங்கள் எங்கள் கணக்கிலேயே இல்லையே சார் என்று மேலாளர் சொன்னார். உண்மைதான். என் சம்பளம் வசனகர்த்தாவின் சட்டைப்பையிலிருந்துதான் வந்தது. அந்தக் கதவு மூடியதும், மிச்சம் இருப்பது ஆரணி மட்டும்தான் என்று புரிந்தது. கடிதம் எப்படி இருக்க வேண்டும் என்று மாதிரி ஒன்று தட்டச்சு செய்து மூன்று பேருக்கும் வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். கடை, வண்டி, குழு எதுவோ அதன் பெயர் அச்சடித்த தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தாருங்கள் என்று கேட்டேன். எல்லாவற்றையும் சேர்த்து வாங்கும் பொறுப்பை அச்சகக்காரர் எடுத்துக்கொண்டார். "நீ பேஜாராவாத தம்பி. அன்னிக்கிக் காலைல கேட்டாண்ட இருப்போம்" என்றார். யாராவது ஒருவர் கடிதங்களை எடுத்துக்கொண்டு பஸ் ஏறி வருவார் என்றுதான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

வாசலில் நான் கேட்ட முதல் கேள்வி, லெட்டர் எங்கே என்பதுதான். அச்சகக்காரர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

"ஆளுங்களே வந்துக்கறோம், லெட்டர் எதுக்கு? லெட்டர்பேடு அடிக்கறவனே நான்தான் தம்பி. எதுனா ஒரு கம்பெனி பேர் சொல்லு, பத்து நிமிஷத்துல அடிச்சிக் குடுக்கறேன். அத்தப் போயி எவன் நம்புவான்? உன் சோலி பெரிய சோலி. ஆளு போயி நிக்கணும்."

அவர் சொன்னது வேடிக்கைக்கு இல்லை. ஆரணியில் ஒரு வீட்டுமனையைப் பதிவு செய்வதானாலும், ஒரு கல்யாணத்தைப் பதிவு செய்வதானாலும், சார்பதிவாளர் அலுவலகத்துக்குச் சாட்சிகள் நேரில் போவார்கள். ஆதார் நகலும் போட்டோவும் கொடுத்து, அதிகாரி கேட்டால் பதில் சொல்லி, கையெழுத்துப் போட்டுவிட்டு வருவார்கள். பெரிய காரியம் என்றால் அவர்களுக்குத் தெரிந்த முறை அதுதான். நான் அனுப்பிய மாதிரிக் கடிதத்தை நான்கு பேரும் கூடிப் பேசி, பையனுக்கு விவரம் பத்தவில்லை என்று ஒதுக்கிவிட்டு, வேன் பிடித்துவிட்டார்கள். அம்மாவின் மஞ்சள் பையில் எல்லோருடைய ஆதார் நகலும் ஆளுக்கு இரண்டு போட்டோவும் இருந்தன.

கட்டியக்காரரின் ஆதாரை எடுத்துப் பார்த்து, "இதுலதான் வேஷம் கட்ன மாதிரி கீறாரு" என்றார் ஆட்டோ அண்ணன். எனக்குச் சிரிப்பு வரவில்லை. கோபப்படவும் நேரம் இல்லை. அப்பா எங்கே என்று அம்மாவிடம் கேட்டேன்.

"வர்லன்னுட்டாரு. நான் படிக்கத் தெரியாதவன், இவன் இன்னா எழுதனான்னு எனக்கு எப்படித் தெரியும், தெரியாத விஷயத்துக்கு எப்படி சாட்சி சொல்றதுன்றாரு. நீங்க போயி உள்ளத உள்ளபடி சொல்லிட்டு வாங்கன்னுட்டு தறில எறங்கிட்டாரு."

சரிபார்ப்பு அறையில் இருந்த அலுவலர் நல்ல மனிதர். என் கோப்பை ஒவ்வொரு தாளாகப் பார்த்துக்கொண்டே வந்து, கடைசி இடத்தில் நிறுத்தினார். நான் நடந்ததைச் சொன்னேன். சன்னல் வழியாக மரத்தடியில் நின்றவர்களைக் காட்டினேன். அவர் எட்டிப் பார்த்தார்.

"எனக்குப் புரியுது சார். ஆனா பேப்பர்னா ஃபைல்ல வைக்கலாம். ஆளுங்கள நான் எங்க சார் வைக்கிறது?"

'சான்று இல்லை' என்று பென்சிலில் எழுதினார். கமிட்டி நேர்காணலுக்கு உட்காரும் வரைக்கும் பென்சில்தான், அதற்குப்பின் பேனாவில் போட்டுவிடுவேன், அதற்குள் ஏதாவது கொண்டுவாருங்கள் என்றார். அவர்களையே கையால் எழுதித் தரச் சொல்லட்டுமா என்று கேட்டேன். கையெழுத்தும் முகவரியும் அடையாள அட்டையும் இருந்தால் வாங்கிக்கொள்வேன், ஏற்பதும் மறுப்பதும் கமிட்டியின் இஷ்டம் என்றார். நான் வெளியே ஓடுவதற்குள் பியூன் வந்து என் பெயரைக் கூப்பிட்டார். நேர்காணலுக்கு முன்னால் ஒரு மாதிரி வகுப்பு எடுத்துக் காட்ட வேண்டும். வரிசையில் நான்தான் முதல் ஆள்.

வகுப்பில் முதுகலை மாணவர்கள் உட்கார்ந்திருந்தார்கள். வேறொரு பல்கலைக்கழகத்திலிருந்து நிபுணராக வந்திருந்த அம்மையார் ஒருவர் பக்கத்தில் நாற்காலி போட்டு, மடியில் மதிப்பெண் தாளோடு இருந்தார். நான் மேடையேறித் திரும்பினால், கடைசிப் பெஞ்சில் நான்கு பேரும் வந்து உட்கார்ந்துகொண்டிருக்கிறார்கள். யார் நீங்கள் என்று பியூன் கேட்டிருக்கிறார். சாருக்கு சாட்சி என்று கட்டியக்காரர் சொல்லியிருக்கிறார். கூத்து மேடையில் பேசிப் பழகிய குரல் அது. பியூன் மறுபேச்சுப் பேசாமல் விட்டுவிட்டார்.

கதைசொல்லியின் கோணம் என்ற தலைப்பில் இரண்டு வாரமாகத் தயாரித்த பாடம் என்னிடம் இருந்தது. நல்ல பாடம்தான். ஆனால் அந்தப் பாடத்தை எனக்குப் பின்னால் வருகிற எல்லோராலும் எடுக்க முடியும். நான் எழுதிப் பிழைத்ததைச் சொல்ல எனக்கு வேறு தாள் இல்லை, இந்த வகுப்புதான் இருக்கிறது என்று தோன்றியது. பென் டிரைவை மேசையில் வைத்துவிட்டேன்.

ஒருவர் இறந்துவிட்டார், அவர் நல்லவர் இல்லை, அது தெருவுக்கே தெரியும், அவருக்கு இரண்டு வரியில் கண்ணீர் அஞ்சலி எழுதுங்கள், பொய் சொல்லக் கூடாது என்று மாணவர்களிடம் சொன்னேன். வகுப்பு கொஞ்சம் சிரித்தது. பிறகு தாளை எடுத்தார்கள். எழுத ஆரம்பித்துவிட்டார்கள். முன் வரிசையில் இருந்த ஒரு பெண் தன்னுடையதைப் படித்தாள்: 'முழு பிஸ்கட் தந்ததில்லை எங்கள் தாத்தா. உடைத்ததில் பெரிய பாதியையும் அவர் எடுத்ததில்லை.' நான் அதைக் கரும்பலகையில் எழுதினேன். இதில் எந்தச் சொல் அழ வைக்கிறது என்று கேட்கப் போன நேரத்தில், அச்சகக்காரர் எழுந்துவிட்டார்.

"இத்தத்தான் மேடம் இவரு என் கடைல பண்ணது. சைக்கிள் மணின்னு ஒண்ணு எழுதனாரு. அதுக்கப்புறம் எனக்கு சாவுப் பத்திரிகை ஆர்டர் ஜாஸ்தியாப் பூட்ச்சி."

உட்காருங்கள் என்று அவருக்குச் சைகை காட்டினேன். அம்மையார் திரும்பிப் பார்த்து, நீங்கள் யார் என்று கேட்டார். அவர் கைகட்டி நின்று தன் கடை இருக்கும் தெருவிலிருந்து ஆரம்பித்துச் சொன்னார். அம்மையார் மதிப்பெண் தாளைக் கவிழ்த்து வைத்துவிட்டு, மற்றவர்கள் யார் என்று கேட்டார். ஆட்டோ அண்ணன் எழுந்து, நான் அவரோடு போன அந்த நாளையும் காது அடைத்துப்போய் சாயந்திரம் வரைக்கும் நான் கத்திக் கத்திப் பேசியதையும் சொன்னார். அடுத்தது கட்டியக்காரர்.

"புலவர் எழுதறது நல்லாத்தாம்மா இருக்கும். ஆனா எழுதனத எழுதன மாதிரி நான் சொன்னதேயில்ல. ஒரே ஒரு ஊர்ல சொல்லிப் பாத்தேன். ஒருத்தன் சிரிக்கல. அப்பறம் இவரே வந்து என் பேச்சக் கேட்டுகினு, மாத்தி எழுதிக் குடுத்தாரு. அத்த சொன்னேன், ராஜா வேஷம் கட்டனவனே பாட்ட வுட்டுட்டு சிரிச்சிட்டான்."

வகுப்பே சிரித்தது. சிரிப்பு அடங்கும்வரை அம்மையார் பொறுத்திருந்து, அம்மாவைப் பார்த்து, நீங்கள் எதற்குச் சாட்சி என்று கேட்டார்.

"டிவி நாடகத்துக்குங்க" என்றார் அம்மா.

"அதில் இவர் பெயர் வருமா?"

"பேரு வராதுங்க. நான்தான் வருவேன்."

அம்மையாருக்குப் புரியவில்லை. அம்மா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு விளக்கினார். அந்த நாடகத்தில் மாமியார் பேசுவதெல்லாம் தான் மகனைத் திட்டியது என்றார். எந்த நாள் எதற்குத் திட்டியது என்றுகூடத் தனக்குத் தெரியும் என்றார். ஒன்று சொல்லுங்கள் என்றார் அம்மையார். அம்மா என்னைப் பார்த்தார், நான் பதினைந்து வயசுப் பையன் என்பது போல.

"சோறு ஆறுதுன்னு சொன்னா வரேன் வரேன்றியே. வரேன்னு சொல்றதுக்கு வாய் இருக்குது, வர்றதுக்குக் கால் இல்லியா?"

பிஸ்கட் வரி எழுதிய பெண் சட்டென்று எழுந்துவிட்டாள். மேம், இது அந்த சீரியலில் வந்ததுதான், எங்கள் அம்மா என்னைத் திட்டும்போது இதைத்தான் சொல்வார் என்றாள். அவள் ஊர் தென்காசிப் பக்கம் என்று பிறகு தெரிந்தது. ஆரணியில் ஒரு தறிக்குப் பக்கத்தில் பேசிய பேச்சு, என் பெயர் இல்லாமலே, அவ்வளவு தூரம் போயிருக்கிறது. அந்த நிமிஷம் வேலை கிடைக்காவிட்டாலும் பரவாயில்லை என்று நினைத்தேன் என்றால் அது பொய். வேலை கிடைக்க வேண்டும் என்றுதான் நினைத்தேன். ஆனால் இனிமேல் யார் முன்னாலும் தயங்கி நிற்க மாட்டேன் என்பது அங்கேயே முடிவாகிவிட்டது.

இங்கே சொன்னதை அப்படியே எழுதிக் கொடுங்கள் என்றார் அம்மையார். பியூன் வெள்ளைத்தாள் கொண்டுவந்தார். நான் தொடக் கூடாது, ஒரு வார்த்தைகூடச் சொல்லிக் கொடுக்கக் கூடாது என்று என்னை வராந்தாவில் நிறுத்திவிட்டார்கள். அச்சகக்காரரும் ஆட்டோ அண்ணனும் தாங்களே எழுதினார்கள். கட்டியக்காரர் சொல்ல, ஒரு மாணவன் எழுதினான். அவர் ஒவ்வொரு வரியையும் நடித்துக் காட்டியதால் அவனுக்குக் கை ஓடவில்லை. அம்மா சொல்ல, தென்காசிப் பெண் எழுதினாள். அம்மா நடுநடுவே, அப்படி இல்ல கண்ணு, நான் சொன்ன மாதிரியே போடு என்று திருத்திக்கொண்டிருந்தது கதவு வழியாகக் கேட்டது. பிறகு மஞ்சள் பையிலிருந்து ஆதார் நகல்கள் வெளியே வந்தன. போட்டோவும் ஒட்ட வேண்டும் என்று அம்மா பிடிவாதம் பிடிக்க, ஒட்டினார்கள். கீழே அம்மா கைநாட்டு வைத்தார்.

சரிபார்ப்பு அலுவலர் நான்கு தாள்களையும் நிதானமாகப் படித்தார். அம்மாவுடையதை இரண்டாம் முறையும் படித்தார். மேசை இழுப்பறையைத் திறந்து அழிப்பானை எடுத்தார்.

நேர்காணலில் ஒருவர் இதையெல்லாம் அனுபவச் சான்றாக எடுக்க முடியுமா என்று கேட்டது உண்மை. விதியில் சான்று என்றுதான் இருக்கிறது, எந்தத் தாளில் என்று இல்லையே என்று அம்மையார் சொன்னார். அவர்கள் கொஞ்ச நேரம் தங்களுக்குள் பேசிக்கொண்டார்கள். பிறகு என்னைக் கேள்வி கேட்க ஆரம்பித்தார்கள். எனக்கு மிகப் பிடித்த கேள்வி, இத்தனை வேலைகளில் உங்களை எழுத்தாளன் என்று நீங்களே உணர்ந்தது எதில் என்பது. எல்லாவற்றிலும் என்றேன். யோசித்துச் சொல்லவில்லை. உண்மை என்பதால் உடனே வந்துவிட்டது.

சாட்சிகள் மரத்தடியில் எலுமிச்சம்பழச் சோற்றைத் தின்று முடித்து எனக்கும் பங்கு வைத்திருந்தார்கள். என்ன ஆயிற்று என்று யாரும் கேட்கவில்லை. தாங்கள் பேசியது சரியாக இருந்ததா என்று மட்டும் ஒவ்வொருவராகக் கேட்டார்கள். மேடம் முன்னால் குடிகாரன் கதையைச் சொல்லவில்லை, அது நாகரிகமாக இருக்காது என்று விட்டுவிட்டேன் என்று அச்சகக்காரர் சொன்னார். என்னை ஏற்றிக்கொண்டு போகவும் வேனில் இடம் வைத்திருந்தார்கள். மறுநாள் எனக்குக் கல்லூரியில் வகுப்பு இருந்ததால் நான் போகவில்லை.

பணி நியமன ஆணை வந்த வாரக் கடைசியில் ஆரணிக்குப் போனேன். அப்பா தறியில் இருந்தார். ஆணையைக் கையில் கொடுத்தேன். துணியில் கையைத் துடைத்துக்கொண்டு வாங்கி, முத்திரை இருக்கும் இடத்தைத் தடவிப் பார்த்துவிட்டு, சாட்சி சொன்னதை எல்லாம் ஒத்துக்கொண்டார்களா என்று கேட்டார். ஒத்துக்கொண்டார்கள் என்றேன். நான் வராதது குறையாகப் போய்விடவில்லையே என்றார். இல்லை என்றேன்.

அம்மாவின் வாக்குமூலத்தை நான் நகல் எடுத்து வைத்திருந்தேன். அதை அவருக்குப் படித்துக் காட்டினேன். சோறு ஆறுகிற வரி வந்ததும் தறியை நிறுத்திவிட்டார். அடுத்த அறையில் தறிக்கு நூல்கண்டு சுற்றிக்கொண்டிருந்த அம்மா கேட்காத மாதிரி இருந்தார். நான் முடித்ததும் அப்பா அம்மா இருந்த பக்கம் தலையை ஆட்டினார்.

"இது அவ பேசறதேதான். இத்தயா நீ எழுதனே? இதுன்னு தெரிஞ்சிருந்தா நானும் வந்து சொல்லியிருப்பேனே" என்றார்.

இப்போது அந்தப் பல்கலைக்கழகத்தில் எனக்கு மூன்றாவது வருஷம். அறைக்கதவில் என் பெயர்ப் பலகை இருக்கிறது. அடித்துக் கொடுத்தவர் யார் என்று சொல்ல வேண்டியதில்லை. கண்ணீர் அஞ்சலியும் ஓடுகிற ஆட்டோவுக்கு எழுதுவதும் என் பாடத்திட்டத்தில் பயிற்சிகளாக இருக்கின்றன. போன வருஷம் கட்டியக்காரரைச் சிறப்பு விருந்தினராக அழைத்து வகுப்பெடுக்கச் சொன்னேன். போட்டோ ரெண்டு எடுத்துகினு வரணுமா புலவரே என்று போனில் கேட்டார். தென்காசிப் பெண் என்னிடமே ஆராய்ச்சிக்குச் சேர்ந்திருக்கிறாள்.

அந்த வேனுக்கு எவ்வளவு ஆனது என்று நான் வெகு நாள் கேட்டுப் பார்த்தேன். அச்சகக்காரர் பேச்சை மாற்றிவிடுவார். ஆட்டோ அண்ணன், உங்க நைனா சொல்லக் கூடாதுன்னுட்டாருப்பா என்று சொல்லித் தப்பித்துக்கொள்வார். அப்புறம் அம்மாவிடம் கேட்டபோதுதான், அன்றைக்கு அப்பா வராததற்கு இன்னொரு காரணமும் இருந்தது எனக்குத் தெரிந்தது. ஒரு முகூர்த்தச் சேலைக்கான கூலியை அவர் முன்கூட்டியே வாங்கி அச்சகக்காரர் கையில் கொடுத்திருக்கிறார்; பத்து நாளில் அதை நெய்து முடித்துத் தர வேண்டும் என்பதால் தறியை விட்டு நகர முடியவில்லை. நால்வரில் ஒருவரையும் ஒரு பைசா போட விடவில்லை. என் முதல் சம்பளத்தோடு போய் நேராக அவரிடமே கேட்டேன். அவருக்குப் பொய் சொல்ல வராது. திருப்பி வாங்கிக்கொள்ள மாட்டேன், தெரிந்துகொள்ள வேண்டுமானால் தெரிந்துகொள் என்று சொல்லிவிட்டு, தறியில் ஓடிக்கொண்டிருந்த நாடாவை நிறுத்திவிட்டு விரல் விட்டுக் கூட்டினார். வேன் வாடகை, நின்றதற்குத் தனியாக, டோல்கேட், வழியில் டீ, ஆதார் நகல், அம்மா மட்டும் புதிதாக எடுத்துக்கொண்ட போட்டோ. எல்லாம் சேர்த்து ஏழாயிரத்து முந்நூற்று நாற்பது ரூபாய்.